ஆண்டு முடிவுக் கணக்கை வாசிப்போம்: பெருந்தொற்றுக்குப் பின்னர் நியூ ஜேர்சி நகரசபைகள்

2020 டிசம்பரில், கொரோனாவால் வீட்டுக்குள் அடைபட்டிருந்த நாட்களில், நியூ ஜேர்சியில் வாழும் எம்மவர் பலர் யாழ். மாநகர சபையின் பாதீட்டு வாக்கெடுப்பை விரல்விட்டு எண்ணிக்கொண்டிருந்தோம். பாதீடு இரண்டாம் தடவையும் தோற்றதால் முதல்வர் இம்மானுவேல் ஆனல்ட் பதவியிழந்தார். டிசம்பர் 30இல் வி. மணிவண்ணன் ஒரேயொரு வாக்கு வித்தியாசத்தில் முதல்வரானார். யார் எந்தப் பக்கம் கை உயர்த்தினார் என்பது எமக்கு மனப்பாடம். ஆனால் நாம் வரி கட்டும் நகரம் அதே ஆண்டை எவ்வளவு கையிருப்புடன் முடித்தது என்று கேட்டால், கணக்கியலையே தொழிலாகக் கொண்ட எமக்குக்கூட அன்று விடை தெரியாது.

பாதீடு என்பது வாக்குறுதி. ஆண்டு முடிவுக் கணக்குத்தான் நடந்த கதை. நாம் வாக்குறுதிக்குச் சண்டை பிடிக்கிறோம், நடந்த கதையை வாசிப்பதில்லை.

வாசிக்க வேண்டிய காரணம் எமது சட்டைப்பையிலேயே இருக்கிறது. ஊரில் சோலைவரி என்று நாம் கட்டியது சிறு தொகை. இங்கே வீட்டு வரி அமெரிக்காவிலேயே மிக உயர்ந்தது. 2024இல் மாநிலச் சராசரி 10,000 டொலரைத் தாண்டியது. அதில் பாதிக்கு மேல் பள்ளிகளுக்கும், ஒரு பங்கு மாவட்டத்துக்கும் போக, மிச்சமே நகரசபைக்கு. இருந்தும் முழுப் பணத்தையும் வசூலிப்பது நகரசபைதான். வீட்டுக்காரர் கட்டாவிட்டாலும் பள்ளிக்கும் மாவட்டத்துக்கும் உரியதை அது முழுமையாகக் கொடுத்தாக வேண்டும். இதற்காகவே ஒவ்வோர் ஆண்டும் 'வசூலாகாத வரிக்கான ஒதுக்கம்' என்று ஒரு தொகையைப் பாதீட்டில் வைக்கிறார்கள். வசூல் வீதம் குறைந்தால் இந்த ஒதுக்கம் கூடும். ஒழுங்காகக் கட்டுபவரே அந்தச் சுமையையும் தாங்குகிறார்.

என்னென்ன ஆவணங்கள்?

நியூ ஜேர்சியின் 564 உள்ளூராட்சிகளில் பெரும்பாலானவற்றுக்கு நிதியாண்டு டிசம்பர் 31இல் முடிகிறது. ஜனவரி இறுதிக்குள் கடன் அறிக்கை, பெப்ரவரி 10க்குள் ஆண்டு நிதி அறிக்கை, ஜூன் 30க்குள் வெளிக் கணக்காய்வு என்று சட்டம் தவணை வைத்திருக்கிறது. கணக்காய்வைச் செய்பவர் மாநில உரிமம் பெற்ற நகரசபைக் கணக்காளராக இருக்க வேண்டும். அறிக்கையின் பொதுக் குறிப்புகளையும் பரிந்துரைகளையுமாவது வாசித்தோம் என்று சபை உறுப்பினர்கள் தீர்மானம் நிறைவேற்றிக் கையெழுத்திட வேண்டும். சுருக்கம் பகிரங்கமாக வெளியிடப்பட வேண்டும். குறைகளை எப்படித் திருத்துவோம் என்ற திட்டத்தை 60 நாட்களுள் தர வேண்டும்.

அறிக்கையைத் திறந்தவுடன் ஒரு பயம் வரும். பொது ஏற்புடைய கணக்கீட்டு நியமங்களின்படி இக்கணக்கு சரியல்ல என்று கணக்காய்வாளர் பாதகமான அபிப்பிராயம் சொல்லியிருப்பார். திருட்டு நடந்துவிட்டதென்று நினைக்க வேண்டாம். நியூ ஜேர்சி நகரங்கள் அந்த நியமங்களைப் பின்பற்றுவதில்லை. மாநிலம் வகுத்த தனிமுறையில் எழுதுகின்றன. அந்த முறையின்படி கணக்கு சரியா என்பது அடுத்த பந்தியில் இருக்கும். அதையே பார்க்க வேண்டும். இந்த முறையில் ஓய்வூதியப் பொறுப்பும், ஊழியர் சேர்த்துவைத்த விடுமுறைக்கான கொடுப்பனவும் ஐந்தொகையில் ஏறாமல் பின்குறிப்புகளில் கிடக்கும் என்பதையும் மறக்கக்கூடாது. அங்கேதான் பெரிய எண்கள் ஒளிந்திருக்கும்.

பெருந்தொற்று என்ன செய்தது?

2020இல் நீதிமன்றக் கட்டணம், வாகனத் தரிப்பிடம், விடுதி வரி எல்லாம் விழுந்தன. மே மாத வரித் தவணையை ஜூன் 1 வரை பிற்போட ஆளுநர் இடமளித்தார். அவ்வாண்டு ஓகஸ்டில் வந்த மாநிலச் சட்டம், கொரோனாவால் ஏற்பட்ட பற்றாக்குறையை ஒரே ஆண்டில் அடைக்காமல் பல ஆண்டுகளுக்குப் பரப்ப நகரங்களை அனுமதித்தது. அப்படிப் பரப்பிய தொகை ஐந்தொகையில் 'ஒத்திவைத்த செலவு' என்று நிற்கும். செலவு முடிந்துவிட்டது, கட்டுவது பின்னர்.

2021 மார்ச்சில் மத்திய அரசின் மீட்புச் சட்டம் மாநிலங்களுக்கும் உள்ளூராட்சிகளுக்கும் 350 பில்லியன் டொலர் ஒதுக்கியது. 10 மில்லியன் டொலர் வரை 'இழந்த வருமானம்' என்று கணிப்பின்றியே எடுத்துக்கொள்ளலாம் என 2022 ஜனவரியில் இறுதி விதி வந்தது. அதன்பின் அப்பணத்தைச் சம்பளம் உட்பட எந்த வழமையான அரச சேவைக்கும் பயன்படுத்தலாம். 2024 டிசம்பர் 31க்குள் ஒப்பந்தப்படுத்தி, 2026 டிசம்பர் 31க்குள் செலவழித்துவிட வேண்டும் என்பது விதி.

எமது ஆய்வு தொடங்க வேண்டிய இடம் இதுதான். ஒருமுறை வந்த பணத்தில் தண்ணீர்க் குழாய் மாற்றியிருந்தால் குழாய் மிஞ்சும். ஆண்டுதோறும் கொடுக்க வேண்டிய சம்பளத்தைக் கொடுத்திருந்தால், பணம் தீர்ந்த மறு ஆண்டு அதே சம்பளம் வரிச்சீட்டில் வந்து உட்காரும். வரி விதிப்பு ஆண்டுக்கு 2 சதவீதத்துக்கு மேல் ஏறக்கூடாது என்ற வரம்பு இருப்பது உண்மை. ஆனால் கடன் கொடுப்பனவு, அவசரச் செலவு போன்றவற்றுக்கு அதில் விலக்கு உண்டு.

அடுத்து, மிகை. ஓர் உதாரணம்: ஆண்டுத் தொடக்கத்தில் 80 இலட்சம் டொலர் மிகை. வரியைக் கூட்டாமலிருக்க அதில் 60 இலட்சத்தைப் பாதீட்டுக்கு எடுக்கிறார்கள். ஆண்டு முடிவில் 50 இலட்சமே திரும்பச் சேருகிறது. மிகை இப்போது 70 இலட்சம். இப்படியே இன்னும் இரண்டு ஆண்டுகள் போனால், எடுக்க நினைக்கும் 60 இலட்சமே கையில் இருக்காது. ஓர் ஆண்டின் எண்ணைப் பார்த்தால் இது தெரியாது. 2019 முதல் ஒவ்வோர் ஆண்டின் மிகையையும் ஒரு தாளில் வரிசையாக எழுதுங்கள். எண்கள் தாமாகப் பேசும்.

இதைப் பார்க்காவிட்டால் என்ன ஆகும் என்பதை இலண்டனில் எம்மவர் வாழும் குரொய்டன் காட்டியது. தன் சொந்த வீடமைப்பு நிறுவனத்துக்குச் சுமார் 200 மில்லியன் பவுண் கடன் கொடுத்த அந்தச் சபையின் கையிருப்பு, பெருந்தொற்றுக்கு முன்னரே மெலிந்திருந்தது. 2020 நவம்பரில் புதிய செலவுகளை நிறுத்தும் 114ஆம் பிரிவு அறிவித்தல் வந்தது. 2023 ஏப்ரலில் மக்கள் தலையில் 15 சதவீத வரி உயர்வு விழுந்தது.

கேட்க நாங்கள் ஆர்?

கோயிலில் ஒரு முதியவரிடம் இதைச் சொன்னபோது, "தம்பி, வரியெண்டா கட்டத்தானே வேணும். கேக்கிறதுக்கு நாங்கள் ஆர்? ஒதுங்க இடம் தந்த நாடு" என்றார். எம்மில் பலரின் மனம் அதுதான். கேள்வி கேட்டவர்களுக்கு என்ன நடந்தது என்று பார்த்து வந்தவர்கள் நாம்.

ஆனால் இங்குள்ள பொது ஆவணச் சட்டம் பெயரைக்கூடச் சொல்லாமல் விண்ணப்பிக்க இடமளிக்கிறது. பாதீடு, கொடுப்பனவுச் சீட்டுகள், ஒப்பந்தங்களை வழமையாக உடனேயே பார்க்கலாம். ஏனையவற்றுக்குப் பெரும்பாலும் ஏழு வேலை நாட்களுள் பதில் தர வேண்டும். ஒவ்வொரு சபைக் கூட்டத்திலும் பொதுமக்கள் பேச நேரம் ஒதுக்க வேண்டும் என்பதும் சட்டம்.

எடிசன், பிஸ்கட்டவே, உட்பிரிட்ஜ் என்று எங்கிருந்தாலும், கணக்காய்வு அறிக்கை வந்ததும் மூன்று கேள்விகள் போதும். மிகையில் எவ்வளவு எடுத்தீர்கள், எவ்வளவு திரும்பச் சேர்ந்தது? மீட்பு நிதியில் சம்பளம் கொடுத்த பதவிகளுக்கு இனிப் பணம் எங்கிருந்து வரும்? சென்ற ஆண்டின் பரிந்துரை இந்த ஆண்டும் ஏன் திரும்ப வந்திருக்கிறது?

ஆங்கிலம் தடுமாறினால் எழுதிக்கொண்டு போய் வாசிக்கலாம். பிள்ளைகளையும் கூட்டிப் போங்கள். பெற்றோர் கணக்குக் கேட்பதையும், சபை பதில் சொல்வதையும் அவர்கள் ஒருமுறையாவது பார்க்கட்டும்.