எருமைக்காக செத்தவனுக்கும் கல்... திருடனை கடித்த நாய்க்கும் கல்வெட்டு! செங்கம் பக்கம் போனால் பார்க்க வேண்டிய நடுகற்கள்

திருவண்ணாமலை:

திருவண்ணாமலைக்கு வெளியூரில் இருந்து வருபவர்கள் அண்ணாமலையாரை கும்பிடுகிறார்கள். 14 கிலோமீட்டர் கிரிவலம் சுற்றுகிறார்கள். கையில் இன்னும் அரை நாள் இருந்தால் சாத்தனூர் அணைக்கு போய் முதலையை பார்த்து, மீன் வறுவல் சாப்பிட்டு விட்டு பஸ் ஏறி விடுகிறார்கள். அந்த சாத்தனூர், செங்கம் வட்டாரத்தில்தான் தமிழ்நாட்டிலேயே பெயர் பெற்ற நடுகற்கள் நிற்கின்றன. டிக்கெட் கிடையாது, கேட் கிடையாது, காவலாளியும் கிடையாது. வயல் வரப்பிலும் வேப்ப மரத்தடியிலும் 1,400 வருஷமாக நிற்கிற மியூசியம் இது.

நடுகல் என்றால் வேறொன்றும் இல்லை. சண்டையில் செத்துப் போன வீரனுக்காக ஊர்க்காரர்கள் நட்டு வைத்த கல். பலகை போன்ற கல்லில் அவன் உருவத்தை செதுக்கி, பேரையும் எப்படி செத்தான் என்பதையும் எழுதி விடுவார்கள். பெரும்பாலும் மாட்டுச் சண்டைதான். அந்த காலத்தில் மாடுதான் சொத்து. பக்கத்து ஊர்க்காரன் வந்து மந்தையை ஓட்டிக்கொண்டு போவான், இவர்கள் விரட்டிப் போய் மீட்பார்கள். அதில் விழுந்தவனுக்கு கல். கல்லை தேர்ந்தெடுப்பது, நீராட்டுவது, நடுவது, படையல் போடுவது என்று இந்த சடங்குக்கு தொல்காப்பியமே 6 கட்டம் சொல்கிறது.

நாய்க்கு வந்த மரியாதை

இந்த வட்டாரத்து கற்களில் தவற விடக்கூடாத ஒன்று எடத்தனூர் நடுகல். புத்தகங்களில் எடுத்தனூர் என்றும் போட்டிருப்பார்கள். பல்லவ மன்னன் மகேந்திரவர்மனின் 34-வது ஆட்சி ஆண்டில் நட்டது. அதாவது 7-ம் நூற்றாண்டின் தொடக்கம். மாமல்லபுரத்து கடற்கரை கோவில் எல்லாம் இதற்கு பிறகு வந்ததுதான்.

கருந்தேவக்கத்தி என்ற வீரன் தன் எருமைகளுக்காக நடந்த சண்டையில் இறந்து போனான். அவன் உருவம் ஆயுதத்தோடு கல்லில் இருக்கிறது. பக்கத்திலேயே ஒரு நாய். சும்மா அழகுக்கு செதுக்கியது என்று நினைத்தால் தப்பு. அந்த நாய்க்கு என்று தனியாக எழுத்து வெட்டி இருக்கிறார்கள். அதன் பேர் கோவிவன். திருடர்கள் இரண்டு பேரை கடித்து, எஜமானுக்கு காவலாக நின்றது என்று அதில் தகவல் இருக்கிறது.

யோசித்து பாருங்கள். அந்த காலத்தில் கல்லில் பேர் வர வேண்டும் என்றால் ராஜாவாக இருக்க வேண்டும், இல்லை கோவிலுக்கு நிலம் எழுதி வைத்திருக்க வேண்டும். இங்கே எருமை வைத்திருந்தவன் பேரும் அவன் நாய் பேரும் நமக்கு தெரிகிறது. பெரிய கோவிலில் கோபுரம் கட்டிய வல்லாள மகாராஜாவுக்கு வாரிசு இல்லை என்று அண்ணாமலையாரே வருஷா வருஷம் மாசி மகத்தன்று பள்ளிகொண்டாப்பட்டில் திதி கொடுக்கிறார். அது ராஜாவுக்கு கிடைத்த மரியாதை. இது மாடு மேய்த்தவனுக்கு கிடைத்த மரியாதை. எனக்கு கேட்டால் இரண்டும் ஒரே தராசில்தான்.

சண்டை சேவலுக்கு கல் வைத்த ஊரும் இருக்கிறது. விழுப்புரம் பக்கம் அரசலாபுரத்தில் உள்ள அந்த கல்லில் சேவல் உருவமே இருக்கிறது.

எழுத்து புரியாதே?

போனவுடன் படித்து விடலாம் என்று நினைக்க வேண்டாம். எழுத்து வட்டெழுத்து. தமிழ்தான், ஆனால் இன்றைய எழுத்து வடிவம் இல்லை. படித்து சொன்னவர்கள் தமிழ்நாடு தொல்லியல் துறையினர். இரா.நாகசாமி இயக்குனராக இருந்தபோது இந்த வட்டாரத்தில் ஊர் ஊராக அலைந்து மைப்படி எடுத்தார்கள். 1972-ல் 'செங்கம் நடுகற்கள்' என்ற புத்தகமே வந்தது. பல்லவர் கால தமிழை பற்றி பேசுகிறவர்கள் இன்றைக்கும் அந்த புத்தகத்தைத்தான் புரட்டுகிறார்கள்.

செங்கத்தின் கதை அதை விட பழசு. பத்துப்பாட்டில் ஒன்றான மலைபடுகடாம் இந்த ஊரை ஆண்ட நன்னனை பற்றியது. கூத்தர்களுக்கு நன்னன் ஊருக்கு வழி சொல்லும் அந்த பாட்டிலேயே, போகிற வழியில் வீரர்களின் பேர் எழுதிய கற்கள் நிற்கும் என்று வருகிறது. தேனி மாவட்டம் புலிமான்கோம்பையில் 2006-ல் தஞ்சை தமிழ்ப் பல்கலைக்கழகத்தினர் கண்டுபிடித்த நடுகற்கள் தமிழ் பிராமி எழுத்தில் உள்ளவை. 2 ஆயிரம் வருஷத்துக்கும் மேல் பழசு.

சாமியாக நிற்பதால் தப்பித்தது

ஊருக்குள் போய் 'நடுகல் எங்கே இருக்கு?' என்று கேட்டால் சில பேர் முழிப்பார்கள். 'வேடியப்பன் கோவில் எங்க?' என்று கேளுங்கள். வழி காட்டி விடுவார்கள். இந்த பக்கமும் தர்மபுரி பக்கமும் நடுகல்லை வேடியப்பன் என்று கும்பிடுகிறார்கள். மஞ்சள், குங்குமம், பொங்கல், படையல் எல்லாம் உண்டு. எந்த வீரன், எந்த சண்டை என்பது மறந்து போச்சு. ஆனால் சாமி என்ற பயம் இருப்பதால்தான் பல கல் இன்னும் இடத்தில் நிற்கிறது.

சாமியாக இல்லாத கற்களுக்குத்தான் ஆபத்து. நல்ல தட்டையான பலகை கல். வாய்க்காலுக்கு குறுக்கே போட தோதாக இருக்கும், துணி துவைக்கவும் தோதாக இருக்கும். ரோட்டை அகலப்படுத்தும்போதும், நிலத்தை ஜே.சி.பி. விட்டு சமன் செய்யும்போதும் மண்ணோடு மண்ணாக போய் விடும். இன்னொரு ஆபத்து பக்தியால் வருவது. கும்பாபிஷேகத்துக்கு கோவிலை புதுப்பிக்கிறோம் என்று கல் மேலேயே பெயிண்ட் அடிக்கிறார்கள், சிமெண்ட் பூசி டைல்ஸ் ஒட்டுகிறார்கள். 1,400 வருஷம் மழைக்கும் வெயிலுக்கும் தாங்கிய எழுத்து ஒரே ஒரு டப்பா பெயிண்டில் மறைந்து விடும். பூஜை செய்வது வேறு, பெயிண்ட் அடிப்பது வேறு. கோவில் திருப்பணி கமிட்டிக்காரர்கள் இதை மட்டும் கவனிக்க வேண்டும்.

எப்படி போவது?

திருவண்ணாமலையில் இருந்து செங்கம் சுமார் 35 கிலோமீட்டர். பெங்களூர் ரோடு என்பதால் பஸ்சுக்கு பஞ்சம் இல்லை. கிராமங்களுக்குள் போக டூவீலர் இருந்தால் நிம்மதி. பவுர்ணமி அன்றும் கார்த்திகை தீபத்தன்றும் கிளம்பாதீர்கள். திருவண்ணாமலையை விட்டு வெளியே வருவதற்கே பாதி நாள் போய் விடும்.

காலை 8 மணிக்கு முன்பும் சாயங்காலம் 4 மணிக்கு மேலும் வெயில் சாய்வாக விழும். அப்போதுதான் எழுத்தும் உருவமும் எடுப்பாக தெரியும், செல்போனிலேயே படம் நன்றாக வரும். உச்சி வெயிலில் போனால் வெறும் கல்தான் தெரியும். எழுத்து தெரியவில்லை என்று சாக்பீஸ் தேய்ப்பது, கம்பி பிரஷ் போடுவது கூடவே கூடாது. மஞ்சள் பூசிய கல்லாக இருந்தால் பூசாரியிடமோ ஊர் பெரியவரிடமோ ஒரு வார்த்தை கேட்டு விட்டு கிட்ட போங்கள். செருப்பை தள்ளி விடுங்கள்.

அலைய முடியாதவர்கள் தர்மபுரி அகழ்வைப்பகத்துக்கு போகலாம். நடுகற்களை சேர்த்து வைத்திருக்கிறார்கள். என்ன இருந்தாலும் வேப்ப மரத்தடியில் பார்ப்பது போல வராது. பொதுவாக அரசு அருங்காட்சியகங்களுக்கு வெள்ளிக்கிழமை லீவு, அதை பார்த்து போகவும்.

உங்கள் நிலத்திலேயே உருவம் செதுக்கிய கல் கிடைத்தால் பயப்பட வேண்டாம், நிலத்தை பிடுங்கி விடுவார்கள் என்று மறைக்கவும் வேண்டாம். கிராம நிர்வாக அலுவலரிடமோ தாசில்தாரிடமோ சொன்னால் போதும். மண்ணுக்குள் இருந்து 10 ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள புதையல் எது கிடைத்தாலும் கலெக்டருக்கு தெரிவிக்க வேண்டும் என்று 1878-லேயே வெள்ளைக்காரன் சட்டம் போட்டு விட்டான். 100 வருஷத்துக்கு மேற்பட்ட சிலையை லைசென்ஸ் இல்லாமல் வியாபாரம் செய்வது 1972-ம் வருஷ சட்டப்படி குற்றம். யாராவது வந்து 'இந்த கல்லை கொடுங்க, நல்ல விலை தர்றோம்' என்று கேட்டால், முதலில் அவர்கள் வண்டி நம்பரை குறித்து வைத்துக் கொள்ளுங்கள்.