மதுக்கூட மேடையில் விளைந்த ஆல்பம்

லண்டனில் ஈஸ்ட் ஹாம் பக்கம் போன தமிழர்களுக்கு ஹை ஸ்ட்ரீட் நார்த் தெரியாமல் இருக்காது. மகாலட்சுமி கோயில், புடவைக் கடை, தோசைக் கடை என்று பாதி நம்மூர்க் கடைத்தெருவாகவே ஆகிவிட்ட சாலை. ரஸ்கின் ஆர்ம்ஸ் என்ற மதுக்கூடமும் அங்கேதான் இருந்தது. எழுபதுகளின் பிற்பகுதியில் அயர்ன் மெய்டன் குழு வாசித்து வாசித்துத் தேறிய மேடைகளில் அது முக்கியமானது.

1975 கிறிஸ்துமஸ் அன்று குழுவைத் தொடங்கியவர் லெய்ட்டன்ஸ்டோனில் பிறந்த ஸ்டீவ் ஹாரிஸ். கட்டட வரைபடம் வரையும் வேலை பார்த்தவர், பேஸ் கிட்டாரைத் தானே பழகிக்கொண்டவர். ஊரெங்கும் பங்க் அலை அடித்த காலம் அது. பாட்டைச் சுருக்கி, முடியை வெட்டியிருந்தால் ஒப்பந்தம் முன்பே கிடைத்திருக்கலாம். ஹாரிஸ் இறங்கி வரவில்லை. முதல் ஆல்பத்துக்கு அஸ்திவாரம் அந்தப் பிடிவாதம்தான் என்பேன்.

1978-ன் கடைசி இரண்டு நாட்களில், கேம்பிரிட்ஜின் ஸ்பேஸ்வார்ட் ஸ்டுடியோவில் நான்கு பாடல்களைப் பதிவு செய்தார்கள். மூல நாடாவை வாங்கக் காசில்லை. திரும்பிப் போனபோது அது அழிக்கப்பட்டிருந்தது. கையிலிருந்த பிரதி நீல் கேயிடம் போனது. வடமேற்கு லண்டனின் கிங்ஸ்பரியில் ஹெவி மெட்டலுக்கென்றே இசையரங்கம் நடத்தியவர் அவர். அங்கே ரசிகர்கள் விரும்பிக் கேட்கும் பாடல்களின் பட்டியல் ‘சவுண்ட்ஸ்’ வார இதழில் வரும். அதில் ‘ப்ரௌலர்’ முதலிடம் பிடித்தது. 1979 நவம்பரில் மூன்று பாடல்களைத் தாங்களே 5,000 தட்டுகளாகப் போட்டுத் தபாலில் விற்றார்கள். அதற்குப் பிறகுதான் ஈ.எம்.ஐ. நிறுவனத்தோடு ஒப்பந்தம்.

1980 ஜனவரியில் கிங்ஸ்வே ஸ்டுடியோவில் ஆல்பம் பதிவானது. டிரம்ஸ் வாசித்த கிளைவ் பர், கிட்டார் கலைஞர் டென்னிஸ் ஸ்ட்ராட்டன் இருவரும் குழுவுக்குப் புதியவர்கள். தயாரிப்பாளர் வில் மலோனின் வேலையில் ஹாரிஸுக்குக் கடைசிவரை திருப்தி இல்லை. ஒலி மெலிவாக இருப்பது உண்மைதான். ஆனால் ஏழு நிமிடத்தைத் தாண்டும் ‘ஃபேண்டம் ஆஃப் தி ஓபரா’வைக் கேளுங்கள்: இரட்டைக் கிட்டார் பின்னிக்கொண்டு ஓட, பேஸ் முன்னால் வந்து இழுத்துப் போகிறது, மேலே பால் டியானோவின் கரகரத்த குரல். மதுக்கூட மேடைகளில் அடித்துத் திருத்தப்பட்ட பாட்டை எந்த மோசமான பதிவும் சாய்க்க முடியாது!

ஏப்ரல் 14 அன்று வெளியான ஆல்பம் பிரிட்டிஷ் விற்பனைப் பட்டியலில் 4-ம் இடத்துக்கு ஏறியது. அடுத்த ஆல்பத்துக்கு, டீப் பர்ப்பிளோடு பணியாற்றிய மார்ட்டின் பர்ச் தயாரிப்பாளராக வந்தார். அந்த ‘கில்லர்ஸ்’ பற்றி அடுத்த வாரம்.