மழை கறுத்தால் மேலே ஏறாதே: முதன்முறை மலைநடை போகும் வன்னிப் பிள்ளைகளுக்கு

2025 ஏப்ரல் விடுமுறையில் நாங்கள் ஒன்பது பேர் அப்புத்தளைப் பக்கம் மலைநடை போனோம். கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா என்று மூன்று மாவட்டத்துப் பிள்ளைகளும் இருந்தார்கள். முதுகில் பை போட்டுக்கொண்டு இரண்டு மூன்று நாள் மலையில் நடந்த பழக்கம் எங்களில் ஒருவருக்கும் இல்லை. வழிகாட்டியும் இல்லை. ஒருவருடைய தாத்தா 1977 கலவரத்தோடு அந்த மலைத் தோட்டங்களில் ஒன்றிலிருந்து வவுனியாவுக்கு வந்தவர். அந்தத் தோட்டத்தைப் பார்க்க வேண்டும் என்பதுதான் பயணத்துக்குத் தொடக்கம்.

புறப்படும் முதல்நாள் நான் பை அடுக்குவதைப் பார்த்துக்கொண்டிருந்த அம்மா, யூரியா உரப்பையின் உள்பையைக் கழுவிக் காயவைத்துக் கொண்டுவந்து தந்தார். "உடுப்பை இதுக்குள்ள போட்டு வாயை முறுக்கிக் கட்டு. மேல் பை நனைஞ்சாலும் இது நனையாது." 2008 நவம்பர் கடைசியில் நிஷா புயல் அடித்தபோது நாங்கள் இடம்பெயர்ந்து தர்மபுரத்தில் தறப்பாளுக்குக் கீழ் இருந்தோம். கொட்டில் முழுக்க வெள்ளம் வந்தது. அடையாள அட்டை, காணி உறுதி, என்னுடைய பள்ளிச் சான்றிதழ் எல்லாம் காப்பாற்றப்பட்டது அப்படியொரு பைக்குள்தான். "இந்தமுறை விரும்பித் தூக்கிக்கொண்டு போறாய். போட்டு வா. மழை கறுத்தா மேல ஏறாத" என்றார்.

இரண்டாம் நாள் பதினொன்றரை மணிக்கு மலை முகட்டுக்கு இன்னும் இரண்டு மணித்தியால நடை இருந்தது. கீழேயிருந்து முகில் ஏறிக்கொண்டிருந்தது. ஐந்து பேர் ஏறுவோம் என்றார்கள். லீவு எடுத்து, பஸ்ஸுக்கும் ரயிலுக்கும் காசு செலவழித்து வந்ததற்கு முகட்டைப் பார்க்காமல் போவதா என்பது அவர்களுடைய நியாயம். நானும் அவர்களில் ஒரு ஆள். நாங்கள் திரும்பியது புத்தியினால் அல்ல. ஒரு தங்கச்சிக்குப் புதுச் சப்பாத்து கடித்துக் குதிக்கால் தோல் உரிந்துவிட்டது, அவளால் ஏற முடியவில்லை. முக்கால் மணித்தியாலத்தில் இடியோடு மழை கொட்டியது. தோட்டத்து லயம் ஒன்றின் விறாந்தையில் ஒதுங்கினோம். அங்கிருந்த அம்மா ஒருவர் ஒன்பது பேருக்கும் பிளேன்ரீ ஊற்றித் தந்தார். காலையில் நாங்கள் ஏறிப்போன ஒற்றையடிப் பாதை கண்ணுக்கு முன்னால் செம்மண் ஓடையாகிக்கொண்டிருந்தது.

அன்று காலை வானிலை அறிக்கையை நாங்கள் பார்க்காமல் இல்லை. "பிற்பகல் 2 மணிக்குப் பின்னர் இடியுடன் கூடிய மழை" என்று இருந்தது. மார்ச், ஏப்ரலில் வளிமண்டலவியல் திணைக்களம் அநேகமாக ஒவ்வொரு நாளும் சொல்லும் வசனம். கேட்டுக் கேட்டுக் காது மரத்துப்போன வசனமும் அதுதான். மலையில் அது இரண்டு மணிக்கு முன்னரும் வரும் என்பதை அன்று கண்டோம்.

வீட்டுக்கு வந்தபிறகு இப்படி மாட்டிக்கொண்டவர்களைப் பற்றித் தேடி வாசித்தேன். என்னை அதிகம் யோசிக்கவைத்தது 2014 ஒக்டோபரில் நேபாளத்தின் அன்னபூர்ணாப் பாதையில் நடந்தது. ஒக்டோபர் அங்கே வானம் தெளிந்த மாதம், மலைநடைக்காரர்கள் குவியும் காலம். ஒக்டோபர் 12 அன்று ஹுட்ஹுட் புயல் விசாகப்பட்டினத்தில் கரை கடந்தது. அங்கிருந்து ஆயிரம் கிலோமீற்றருக்கும் அப்பால் உள்ள மலைக்கு அதன் ஈரம் இரண்டு நாளில் போய்ச் சேர்ந்தது. 14ஆம் திகதி 5,416 மீற்றர் உயரமான தொரோங் லா கணவாயைக் கடந்துகொண்டிருந்தவர்கள்மீது அது பனிப்புயலாக இறங்கியது. நாற்பதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். உள்ளூர்ச் சுமைகாவிகளும் வழிகாட்டிகளும் அதில் அடக்கம். கணவாய்க்கு அருகில் இருந்த சிறிய தேநீர்க் கொட்டிலுக்குள் நெருக்கியடித்துக்கொண்டு காத்திருந்தவர்களில் பலர் தப்பினார்கள். எப்படியாவது இறங்கிவிடுவோம் என்று வெளியே போனவர்களில் பலர் வெண்பனிக்குள் பாதையைத் தொலைத்தார்கள்.

வங்கக் கடலில் புயல் என்றால் வன்னியில் எல்லோரும் ரேடியோவைத் திருப்புவோம். 1964 டிசம்பரில் தனுஷ்கோடியை அழித்த புயல் வவுனியாப் பக்கத்தையும் தாண்டிப் போனதாகப் பழைய ஆட்கள் சொல்வார்கள். 2020 டிசம்பரில் புரெவி முல்லைத்தீவுப் பக்கமாக உள்ளே வந்தது. ஆனால் அந்த மலையில் நின்றவர்களுக்குக் கடல் நினைவிலேயே இருந்திருக்காது. போகும் இடத்தின் வானிலையோடு, அங்கே மழை எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது என்பதையும் பார்க்க வேண்டியிருக்கிறது.

அனுபவசாலிகள் தப்பிவிடுவார்கள் என்றும் இல்லை. 2024 ஜூன் மாதம் உத்தரகாண்டின் சஹஸ்ரதால் பாதையில் கர்நாடகாவிலிருந்து போன 22 பேர் கொண்ட குழு பனிப்புயலில் சிக்கி ஒன்பது பேர் இறந்தார்கள். அந்தக் குழுவில் பல வருடம் மலை ஏறியவர்கள் இருந்தார்கள். தேனி மாவட்டத்துக் குரங்கணியில் 2018 மார்ச் 11 அன்று 23 உயிர்களை எடுத்தது மழை அல்ல, காட்டுத் தீ. காய்ந்த புல்லும் காற்றும் சேர்ந்த காலநிலை. அங்கே சிக்கியவர்களில் பலர் மலைக்குப் புதியவர்கள். தீ வந்த நேரத்தில் எந்தப் பக்கம் ஓடுவது என்று அவர்களுக்குத் தெரியவில்லை. அதன்பிறகுதான் தமிழ்நாட்டில் மலைநடைக்கென்று தனி விதிமுறைகள் வந்தன.

இனி எங்கள் தீவு. வன்னியில் மே முதல் செப்டெம்பர் வரை சோளகம், வெயில், வறட்சி. அந்த நினைப்பில் ஜூலையில் அட்டன் பக்கம் போனால் தென்மேல் பருவமழைக்குள் நிற்பீர்கள். சிவனொளிபாதமலைக்கு டிசம்பர் பௌர்ணமி தொடக்கம் வெசாக் வரை யாத்திரைக் காலம் வைத்திருப்பது சும்மா இல்லை. நக்கிள்ஸ் மலைக்கு வடகீழ் மழையும் நன்றாக விழும். அதாவது எங்களுடைய வெள்ளக் காலம் அந்த மலைக்கும் ஆகாது.

குளிரை நாங்கள் கணக்கில் எடுப்பதே இல்லை. ஆயிரம் மீற்றர் ஏறினால் ஆறு, ஆறரை பாகை குறையும். ஹோட்டன் சமவெளி இரண்டாயிரம் மீற்றருக்கு மேல். ஜீன்ஸும் பருத்திச் சட்டையும் நனைந்து காற்றும் பட்டால், பனி இல்லாத இடத்திலும் உடம்புச் சூடு ஆபத்தாக இறங்கும். நடுங்குகிறவர், பேச்சுக் குழறுகிறவர், கால் தடுமாறுகிறவர் எவரையும் அதற்குமேல் நடக்கவிடக் கூடாது. ஈர உடுப்பைக் களைந்து உலர்ந்ததைப் போட்டு, போர்த்தி, இனிப்பாகச் சூடாகக் குடிக்கக் கொடுக்க வேண்டும். ஈர உடுப்போடு இருப்பவருக்கு நடுக்கம் நின்று சோர்ந்துபோனால் அது சுகம் வந்த அறிகுறி அல்ல, நிலைமை மோசமாகிறது. அம்மாவின் உரப்பைக்குள் கடைசிவரை தொடாமல் வைக்கவேண்டியது அந்த ஒரு சோடி உலர்ந்த உடுப்புத்தான். பையின் பாரம் உங்கள் நிறையில் ஐந்தில் ஒன்றைத் தாண்டினால் எதையாவது வெளியே எடுங்கள். எங்களில் ஒருவர் இரும்புச் சட்டியே கொண்டுவந்தார்!

மின்னலைக் கண்டு முப்பது எண்ணுவதற்குள் இடி கேட்டால் அது கிட்ட. முகட்டையும் தனி மரத்தையும் விட்டு இறங்குங்கள். கடைசி இடிக்குப் பிறகு அரை மணித்தியாலம் பொறுங்கள்.

மண்சரிவு வேறு விதம், அது மழை விட்டபிறகும் வரும். தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் மஞ்சள், செம்மஞ்சள், சிவப்பு என்று மூன்று நிலையில் எச்சரிக்கை விடுகிறது. 24 மணித்தியாலத்தில் 75 மில்லிமீற்றர் மழை பெய்தாலே மலைச்சரிவில் கவனம் வேண்டும். நிலத்தில் புது வெடிப்பு, சரிந்த மரம், திடீரென்று கலங்கிய ஊற்று எதைக் கண்டாலும் அந்தச் சரிவை விட்டுப் பக்கவாட்டில் விலகுங்கள்.

அதே வருடம் நவம்பர் 28 அன்று டித்வா புயல் கிழக்குக் கரையில் ஏறியது. நாடு முழுவதும் 600 இற்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். கண்டி, பதுளை, நுவரெலியா மாவட்டங்களில்தான் மண்சரிவு அதிகம். யாழ்ப்பாணத்திலிருந்து கொழும்பு போன பஸ் கலா ஓயா வெள்ளத்தில் மாட்டி, சுமார் எழுபது பேர் மீட்கப்பட்டதை நாங்கள் தொலைபேசியில் பார்த்துக்கொண்டிருந்தோம். தமிழில் எச்சரிக்கைகள் உரிய நேரத்துக்கு வரவில்லை என்ற முறைப்பாடு அப்போது பலமாக எழுந்தது. ஆகவே குழுவில் சிங்களமோ ஆங்கிலமோ வாசிக்கத் தெரிந்த ஒருவர் காலையும் மாலையும் அறிவித்தலைப் பார்த்து மற்றவர்களுக்குச் சொல்வதைப் பொறுப்பாக எடுக்கட்டும். அரசு செய்யவேண்டிய வேலைதான், அதற்காக உயிரை அடகு வைக்க முடியாது. அனர்த்த முகாமைத்துவ நிலையத்துக்கு 117, அம்புலன்ஸுக்கு 1990.

ஊருக்குள்ளேயே நடந்து பழகலாம் என்று நினைப்பவர்களுக்கும் ஒன்று. வெள்ளம் வடிந்த கையோடு வன்னிக் காட்டுக்குள்ளும் கரையோரப் பற்றைக்குள்ளும் புதுப்பாதை தேடாதீர்கள். வெள்ளம் மண்ணை அரித்துப் புதைந்த வெடிபொருளை வெளியே கொண்டுவரும், இடம் மாற்றியும் போடும். ஆட்கள் நாளாந்தம் போய்வரும் பாதையால் மட்டும் போங்கள். குளத்து வான்கதவு திறந்திருக்கும்போது பாலத்தில் முழங்காலளவு தண்ணீர்தானே என்று இறங்கவும் வேண்டாம்.

பிளேன்ரீ தந்த அந்த அம்மாவின் தொலைபேசி டித்வாவுக்குப் பிறகு ஆறு நாள் வேலை செய்யவில்லை. ஏழாம் நாள் அவரே எடுத்தார். லயத்துக்குப் பின்னால் மண் இறங்கியதால் எல்லோரும் பாடசாலையில் இருக்கிறார்கள் என்றார். "நீங்க வந்து ஒதுங்கின விறாந்தை இப்ப இல்ல தம்பி" என்றார். ஒன்பது பேரும் காசு சேர்த்து அரிசியும் போர்வையும் அனுப்பினோம். அடுத்த மாசியில் போகத் திட்டம் இருக்கிறது. எத்தனை மணிக்குத் திரும்புவது என்று முடிவெடுக்கும் பொறுப்பை இந்தமுறை குதிக்கால் உரிந்த தங்கச்சியிடம் கொடுத்திருக்கிறோம். பதினொரு மணி என்று சொல்லியிருக்கிறாள்.