நிலையும் பிழையும்

ஒரு தாளில் சில எழுத்துகள், சில சொற்கள், ஒரு சிறு பத்தி, ஒரு கதை. பிள்ளைகளின் கற்றல் நிலையை அறிய 2005இல் தொடங்கிய அசர் கணக்கெடுப்பில் வாசிப்பை அளக்கும் கருவி இவ்வளவுதான். குழந்தையை அருகில் உட்காரவைத்து வாசிக்கச் சொல்வார்கள். எழுத்து நிலையா, சொல் நிலையா, பத்தியா, கதையா என்பது சில நிமிடங்களில் தெரிந்துவிடும். கணக்கிலும் எண்ணை அறிதல், கடன் வாங்கிக் கழித்தல், வகுத்தல் என்று படிகள் உண்டு. பிரதம் என்ற கல்வித் தொண்டு அமைப்பு இந்த அளவீட்டைக் கொண்டு, பிள்ளைகளை வகுப்பு பார்க்காமல் நிலை பார்த்துக் குழுவாக்கிக் கற்பிக்கிறது. அபிஜித் பானர்ஜி, எஸ்தர் டஃப்லோ உள்ளிட்ட பொருளியலாளர்கள் களத்தில் சோதித்துப் பலன் கண்ட முறை இது. தமிழகத்தில் 2022 ஜூனில் தொடங்கிய எண்ணும் எழுத்தும் திட்டத்தின் அரும்பு, மொட்டு, மலர் என்ற நிலைப் பிரிவுகளும் ஏறக்குறைய இதே எண்ணத்தில் அமைந்தவை.

1978இல் ஜான் சீலி பிரவுன், ரிச்சர்ட் பர்ட்டன் என்ற இரு அமெரிக்க ஆய்வாளர்கள் வெளியிட்ட கட்டுரை வேறோர் இடத்தில் நின்று, பிழையைப் பார்க்கிறது. தப்பாகக் கணக்குப் போடும் பிள்ளை பெரும்பாலும் மனம்போனபடி போடுவதில்லை. தனக்கென்று ஒரு தவறான விதியை வைத்துக்கொண்டு அதைப் பிசகாமல் பின்பற்றுகிறது என்றார்கள்.

42இலிருந்து 18ஐக் கழிக்கச் சொல்லுங்கள். ஒரு பிள்ளை 36 என்று எழுதும்: எது மேலே எது கீழே என்று பாராமல் எட்டில் இரண்டைக் கழித்திருக்கிறது. இன்னொன்று 34 என்று எழுதும்: ஒழுங்காகக் கடன் வாங்கியது, பத்தாமிடத்தில் ஒன்றைக் குறைக்க மறந்தது. மூன்றாவது 60: குறியைப் பார்க்காமல் கூட்டிவிட்டது. மதிப்பெண் பதிவேட்டில் மூவருக்கும் பூஜ்யம். நிலைப் பட்டியலிலும் மூவரும் கழித்தலை எட்டாதவர்களே. ஆனால் முதல் பிள்ளைக்குப் பத்துக் குச்சிகள் கொண்ட கட்டு ஒன்றை அவிழ்த்துக் காட்ட வேண்டும். இரண்டாவதிடம், அவிழ்த்த பிறகு எத்தனை கட்டு மிச்சம் என்று கேட்டாலே போதும். மூன்றாவதற்குக் கற்பிக்க எதுவுமில்லை. குறியைச் சுற்றி வட்டம் போடச் சொன்னால் தீர்ந்தது.

கேள்வியைத் தேர்வதிலும் சூட்சுமம் இருக்கிறது. 42க்குப் பதில் 43 கொடுத்திருந்தால் முதல் இருவரும் 35 என்றே எழுதியிருப்பார்கள். எட்டில் மூன்று போனாலும் ஐந்து, பதின்மூன்றில் எட்டு போனாலும் ஐந்து. விடைத்தாளைப் பார்த்து யாருக்கு என்ன குழப்பம் என்று சொல்லவே முடியாது.

இதனால் நிலை அளவீடு வீண் என்று ஆகிவிடாது. ஐந்தாம் வகுப்பில் எழுத்துக்கூட்டும் பிள்ளையும் கதை வாசிக்கும் பிள்ளையும் ஒரே பெஞ்சில் இருக்கும்போது, முதலில் அவர்களைப் பிரித்து உட்காரவைத்தாக வேண்டும். அதற்கு அசர் தாளைவிட எளிய வழி எனக்குத் தெரியவில்லை. அடிக்கடி திரும்ப அளக்காவிட்டால் மட்டும் அரும்பு என்பது பட்டப்பெயராகிவிடும். சிக்கல், நிலையோடு நின்றுவிடுவதில்தான். நிலையைத் தொகுத்து வட்டாரத்துக்கும் மாவட்டத்துக்கும் அனுப்பலாம். 36 என்ற விடையை வாங்கி மேலதிகாரி என்ன செய்வார்? அது வகுப்பாசிரியருக்கு மட்டுமே உதவும் தகவல். அதற்குப் படிவம் கிடையாது. நோட்டுத் திருத்தும்போது தப்பான விடையைச் சிவப்பு மையால் அடித்துத் தள்ளாமல், பெயருக்கு நேரே ஒரு தாளில் குறித்துவைத்தால் போதும். மறுநாள் முதல் பத்து நிமிடம் யாரோடு உட்காருவது என்று தெரிந்துவிடும்.