தந்தையின் சிலையும் மூன்று தாய்மாரும்



எந்தத் துறைக்கு யார் தந்தை என்று பிள்ளைகளைப் பாடமாக்க வைத்தே பழகிவிட்டோம். நவீன பெண்நோயியலின் தந்தை என்றால் விடை மரியன் சிம்ஸ். அதோடு அடுத்த கேள்விக்குப் போய்விடுவோம்.

1840களில் அமெரிக்காவின் அலபாமா மாநிலத்தில், மொன்ட்கொமரி நகரில் வைத்தியம் பார்த்தவர் அவர். நாட்கணக்கில் இழுபடும் பிரசவத்தில் உள்ளே புண்பட்டு, சிறுநீர் ஓயாமல் கசியும் நோய்க்குச் சத்திரசிகிச்சை தேடினார். சோதித்துப் பார்த்தது அடிமைப் பெண்களின் உடம்பில். அனுமதி கொடுத்தவர்கள் அவர்களின் எசமான்கள். மயக்க மருந்து கொடுக்கவில்லை. அனார்கா என்ற இளம் பெண்ணுக்கு மட்டும் ஏறத்தாழ 30 தடவை கத்தி வைத்தார். அனார்கா, பெட்சி, லூசி என்ற மூன்று பெயர்களும் சிம்ஸே எழுதி வைத்ததால் மிஞ்சியவை. மற்றப் பெண்களுக்குப் பெயரே இல்லை.

கூட நின்ற வைத்தியர்கள் ஒவ்வொருவராக விலகிப் போனபோது, அந்தப் பெண்களே ஒருவரின் சத்திரசிகிச்சைக்கு மற்றவர் உதவி நின்றார்கள். எங்கள் ஊர் மருத்துவிச்சி உம்மாமார் ஞாபகத்துக்கு வருகிறார்கள்.

நியூயோர்க் சென்ட்ரல் பார்க்கில் இருந்த சிம்ஸின் சிலையை 2018 ஏப்ரலில் அகற்றினார்கள். (சிலை பற்றி மார்க்கத்தில் எங்கள் நிலைப்பாடு வேறு, அது இருக்கட்டும்.) 2021இல் மொன்ட்கொமரியிலேயே மிஷெல் பிரௌடர் என்ற கலைஞர், கழித்துவிட்ட உலோகத் துண்டுகளை வெல்டிங் செய்து மூன்று பெண்களையும் ஆளுயரத்துக்கு மேலாக நிறுத்தினார். பெயர், ‘பெண்நோயியலின் தாய்மார்’. அனார்காவின் வயிறு இருக்கவேண்டிய இடம் வெறுமையாக இருக்கிறது.

அவர்கள் எழுந்து நின்ற அந்த நாளிலும், அதே நகரின் மாநில அரச வளாகத்தில் சிம்ஸின் சிலை நின்றுகொண்டுதான் இருந்தது.