யேபுவில் வாசம் செய்தவர்

பழைய இஸ்ரவேலரின் வழிபாட்டைப் பற்றிப் படிக்கும்போதெல்லாம் சந்நிதி என்ற நம்முடைய சொல்தான் எனக்கு முன்னால் வந்து நிற்கிறது. ஆனால் அந்தச் சந்நிதியில் விக்கிரகம் கிடையாது. எருசலேமில் சாலொமோன் கட்டியதாகச் சொல்லப்படும் ஆலயத்தின் உள்ளறையில் உடன்படிக்கைப் பெட்டி. அதன் மேல் சிறகு விரித்த இரண்டு கேருபீன்கள். கேருபீன்களுக்கு மேலே யாரையும் காணோம். அங்கேதான் கடவுள் வீற்றிருக்கிறார் என்று அவர்கள் நம்பினார்கள்.

யாருமில்லாத அந்த ஆசனத்துக்கு நடந்த உபசாரங்களோ ஒரு பெரிய மனிதர் வீட்டில் நடப்பவை. காலையில் ஓர் ஆட்டுக்குட்டி, மாலையில் ஒன்று. கூடவே மாவு, எண்ணெய், திராட்சரசம். விளக்கு, தூபம். மேஜையின் மேல் 12 அப்பங்கள். ஓய்வுநாள்தோறும் அவற்றை மாற்றிப் புதிதாக வைக்க வேண்டும். எபிரேய மொழியில் அவற்றின் பெயருக்கு 'முகத்தின் அப்பம்' என்று பொருள். தமிழில் வேதத்தைப் பெயர்த்தவர்கள் 'சமுகத்தப்பம்' என்று போட்டார்கள். முகமும் உள்ளே இருக்கிறது, சந்நிதியும் இருக்கிறது; அருமையான சொல்.

பலி என்றாலே பாவம் தீர்ப்பதற்கு என்று நினைத்துக்கொள்கிறோம். அதற்குத் தனிப் பலிகள் உண்டு. அன்றாட ஆட்டுக்குட்டிக்கு யாத்திராகமம் சொல்லும் காரணம் வேறு: அங்கேதான் கடவுள் ஜனங்களைச் சந்திப்பார், அவர்கள் நடுவே குடியிருப்பார். கடவுளுக்குப் பசியெடுக்குமா என்று ஐம்பதாம் சங்கீதம் கேலிகூடச் செய்கிறது. கேலி ஒருபுறம் இருக்க, அடுப்பு அணையவில்லை.

சரி, உபசாரம் நின்றுபோனால் குடியிருப்பவர் என்ன ஆவார்? கி.மு. 586-ஐ ஒட்டிப் பாபிலோனியர் எருசலேம் ஆலயத்தைக் கொளுத்தினார்கள். அதற்கு முன்பே கடவுளின் மகிமை வாசற்படிக்கு வந்து, கிழக்கு வாசலைத் தாண்டி, மலைமேல் போய் நின்றதைத் தரிசனத்தில் கண்டதாக எசேக்கியேல் எழுதினார். அவர் தீர்க்கதரிசி. சாதாரண ஜனங்கள் என்ன நினைத்தார்கள்?

இதற்கு ஒரு விடை எகிப்திலிருந்து கிடைத்திருக்கிறது. நைல் நதியில், அஸ்வானுக்கு எதிரே, யேபு என்று ஒரு தீவு. கிரேக்கர் அதை எலிபன்டைன் என்றார்கள். பாரசீக அரசனுக்காக அங்கே காவல் இருந்த யூத சிப்பாய்கள் தங்கள் கடவுளுக்கு—யாகு என்று எழுதினார்கள்—கோயில் கட்டியிருந்தார்கள். எருசலேமைத் தவிர வேறெங்கும் பலியிடலாகாது என்ற உபாகமத்தின் விதி அவர்களைத் தொந்தரவு செய்ததாகத் தெரியவில்லை.

கி.மு. 410-இல் அந்தக் கோயில் தரைமட்டமாயிற்று. செய்தவன் விதரங்கன் என்ற பாரசீக அதிகாரி. தூண்டியவர்கள் பக்கத்திலேயே இருந்த க்னூம் கோயிலின் பூசாரிகள். க்னூம் ஆட்டுத்தலைக் கடவுள். அவருடைய வாசலருகே தினமும் ஆட்டை எரித்தால் அண்டை வீட்டுச் சிநேகம் எத்தனை நாள் நிலைக்கும்?

மூன்று வருஷம் கழித்து, 407-இல், யூதேயாவின் ஆளுநருக்கு அவர்கள் எழுதிய விண்ணப்பம் பாப்பிரசில் அப்படியே அகப்பட்டிருக்கிறது. கற்றூண்கள், தேவதாருக் கூரை, கொள்ளைபோன பொன் வெள்ளிக் கிண்ணங்கள் எல்லாவற்றுக்கும் கணக்குச் சொல்கிறார்கள். அன்றுமுதல் இரட்டு உடுத்தி உபவாசம் இருக்கிறோம், எண்ணெய் பூசுவதில்லை, திராட்சரசம் தொடுவதில்லை, எங்கள் மனைவியர் விதவைகளைப்போல் இருக்கிறார்கள் என்கிறார்கள். இழவு விழுந்த வீட்டின் அனுஷ்டானம் இது. கட்டடம் இடிந்ததற்காக யாரும் மூன்று வருஷம் துக்கம் காப்பதில்லை.

போஜனபலி, தூபம், தகனபலி மூன்றுக்கும் அனுமதி கேட்டார்கள். கோயிலை மறுபடி கட்டலாம், போஜனபலியும் தூபமும் செலுத்தலாம் என்று பதில் வந்தது. தகனபலியைப் பற்றிப் பேச்சே இல்லை. எருசலேமின் கௌரவமா, க்னூம் பூசாரிகளின் மனஸ்தாபமா, எது காரணம் என்று அறிஞர்கள் இன்னும் வாதாடுகிறார்கள். எனக்கு அதைவிட முக்கியமாகப் படுவது, அவர்கள் இதற்குச் சம்மதித்ததுதான். வேறொரு கடிதத்தில், ஆடு மாடு எரிக்கமாட்டோம் என்று தாங்களே எழுதிக் கொடுத்து, வெள்ளியும் பார்லியும் தருவதாகவும் சொல்கிறார்கள். இறைச்சிப் புகை இல்லாமல் அவர் இருப்பார். வீடும் கொஞ்சம் நெருப்பும் இல்லாமல் இருக்கமாட்டார் என்பது அவர்கள் கட்சி போலும்.

கி.மு. 402-இல் எழுதிய ஒரு வீட்டுக் கிரயப் பத்திரமும் கிடைத்திருக்கிறது. அனானி என்ற கோயில் ஊழியரும், ஒரு காலத்தில் அடிமையாயிருந்த அவர் மனைவி தபமெத்தும் மருமகனுக்கு வீட்டை விற்கிறார்கள். அதில் அவளை, யேபுவில் வாசம் செய்கிற யாகுவின் ஊழியக்காரி என்று குறிக்கிறான் பத்திரம் எழுதியவன். 'வாசம் செய்கிற' என்பதற்கு அவன் போட்ட வார்த்தையின் வேரிலிருந்துதான், யூத ரபிகள் கடவுளின் சந்நிதானத்துக்குப் பிற்காலத்தில் வைத்த 'ஷெக்கினா' என்ற பெயரும் வந்தது. பிறகு அவன் வீட்டின் நான்கெல்லைகளை வரிசையாகச் சொல்லிக்கொண்டு போகிறான். அவற்றில் ஓர் அடையாளமாக யாகுவின் ஆலயமும் வருகிறது.