பீமனுக்குக் கிடைத்த சலுகை

கௌரவர்கள் பட்சணத்தில் விஷத்தைக் கலந்து கொடுத்து, மயங்கிக் கிடந்த பீமசேனனைக் கொடிகளால் பிணைத்துக் கங்கையில் தள்ளினார்கள் என்றும், நாகலோகம் போய்ச் சேர்ந்த அவன் அங்கே வாசுகியின் சம்மதத்தோடு எட்டுக் குண்டங்களில் இருந்த ரசத்தைப் பருகி, நாட்கணக்கில் உறங்கி, முன்னிலும் பன்மடங்கு பலசாலியாகத் திரும்பினான் என்றும் வியாச பாரதம் சொல்கிறது. பிறர் வஞ்சகத்தால் வயிற்றுக்குள் போனது ஒன்று. தானே விரும்பிக் குடித்தது மற்றொன்று. இரண்டைப் பற்றியும் அவனை ஒருவரும் விசாரிக்கவில்லை. ஜராசந்தனோடு மற்போருக்கு இறங்குமுன் அவன் கையில் யாரும் ஒரு குப்பியைக் கொடுத்து மறைவிடத்துக்கு அனுப்பவுமில்லை. இந்த வாரம் நாம் காணப்போகும் மல்லருக்கு அந்தச் சலுகை கிட்டவில்லை.

மும்பையின் மாட்டுங்காவிலும் செம்பூரிலும் தலைமுறைகளாக வாழ்ந்துவரும் நம்மவருக்கு விளையாட்டு என்றால் கிரிக்கெட்தான். தட்கர் மைதானத்தில் பிள்ளையைக் கொண்டுபோய் விட்டுவிட்டு, வேலி ஓரம் காப்பிப் பிளாஸ்க்குடன் காத்திருக்கும் தகப்பனார்களை இன்றும் பார்க்கலாம். ஆனால், கோலாப்பூர், சாத்தாரா பக்கங்களிலிருந்து ஆலை வேலைக்கு வந்த மராட்டியத் தொழிலாளிகளும், கங்கைக் கரையிலிருந்து பிழைப்புத் தேடி வந்தவர்களும் தங்களோடு கொண்டுவந்த மல்வித்தை ஒன்று இந்நகரத்தின் இன்னொரு முகமாக நெடுங்காலம் இருந்துவந்திருக்கிறது. பாலும் பாதாமும் நெய்யுமே பயில்வானுக்கு மருந்து என்றிருந்த காலம் அது. இப்போது தாராவியின் தொண்ணூறடிச் சாலையை ஒட்டிய சந்துகளில் நடந்தால், ஆளுயரக் கண்ணாடிக்கு முன் இரும்பைத் தூக்கும் இளைஞர்களையும், மூலையில் அடுக்கிய பொடி டப்பாக்களையும் காண்கிறோம். டப்பாவின் மேல் அச்சிட்டிருப்பது ஒன்று, உள்ளே இருப்பது வேறொன்று என்னும் சந்தேகம் அங்கே சர்வசாதாரணம்.

நர்சிங் யாதவ் வாரணாசிப் பக்கத்தில் பிறந்து, மும்பையில் மல்வித்தை பயின்று, காந்திவலி பயிற்சி நிலையத்தில் உருவானவர். 2010ஆம் ஆண்டு டில்லி காமன்வெல்த் போட்டியில் 74 கிலோ எடைப் பிரிவில் தங்கம் வென்றார். மராட்டியக் கிராமங்கள் உயிராகப் போற்றும் ‘மகாராஷ்டிர கேசரி’ பட்டத்தைத் தொடர்ந்து மூன்று முறை கைப்பற்றினார். மாநிலக் காவல் துறை அவருக்கு அதிகாரிப் பதவி அளித்தது. 2015 செப்டம்பரில் லாஸ் வேகாஸ் நகரில் நடந்த உலகப் போட்டியில், புள்ளிக் கணக்கில் பின்தங்கிக் கிடந்தவர், பிரெஞ்சு வீரர் ஜெலிம்கான் காட்ஜியேவை மல்லாத்தி வெண்கலம் பெற்றபோது, ரியோ ஒலிம்பிக்கில் இந்தியாவுக்கு ஓர் இடமும் உறுதியாயிற்று.

வினை அந்த இடத்திலிருந்துதான் தொடங்கிற்று. பெய்ஜிங்கில் வெண்கலமும் லண்டனில் வெள்ளியும் வென்ற சுசீல் குமாரின் 66 கிலோ பிரிவு ஒலிம்பிக்கிலிருந்து நீக்கப்பட்டுவிட்டதால், அவரும் 74 கிலோவுக்கு வந்து சேர்ந்திருந்தார். இருவரையும் கோதாவில் இறக்கி, வென்றவரை அனுப்புங்கள் என்று அவர் டில்லி உயர் நீதிமன்றத்தை அணுகினார். 2016 ஜூன் மாதத்தில் அந்த மனு தள்ளுபடியாயிற்று. சுசீல் பக்கம் ஒரு கூட்டம், நர்சிங் பக்கம் ஒரு கூட்டம் என்று தேசமே பிரிந்து நின்ற அந்தச் சமயத்தில், அரியானாவில் சோனிப்பத் பயிற்சி முகாமில் ஜூன் 25 அன்று நர்சிங்கின் சிறுநீர் மாதிரி எடுக்கப்பட்டது. ஜூலை 5 அன்று மறுபடியும் எடுக்கப்பட்டது. இரண்டிலும் மெதாண்டியனோன் இருந்தது. உடன் தங்கியிருந்த இன்னொரு மல்லரின் மாதிரியிலும் அதே வஸ்து!

இந்த மெதாண்டியனோன் நேற்று முளைத்த சரக்கல்ல. ஸ்விட்சர்லாந்தின் சீபா நிறுவனம் 1950களின் பிற்பகுதியில் ‘டையனபால்’ என்னும் பெயரில் விற்பனைக்குக் கொண்டுவந்த, தசையைப் பெருக்கும் ஸ்டீராய்டு மாத்திரை இது. ஜான் ஜீக்ளர் என்னும் அமெரிக்க வைத்தியர் தம்மிடம் வந்த பளுதூக்கும் வீரர்களுக்கு இதைக் கொடுத்துப் பார்த்தார் என்பதும், பிற்காலத்தில் அதற்காக அவரே மனம் வருந்தினார் என்பதும் பிரசித்தம். ஒலிம்பிக்கில் இவ்வகை மருந்துகளுக்கான சோதனை 1976 மாண்ட்ரியாலில் தொடங்கியது. 2011இல் நம் நாட்டு ஓட்ட வீராங்கனைகள் சிலர் அகப்பட்டதும் இதே மருந்தில்தான். முகாமில் தந்த ஜின்செங் மாத்திரையில் கலந்திருந்தது என்று அவர்கள் சொன்னார்கள்.

நர்சிங்கோ, தம் உணவில் வேண்டுமென்றே கலந்துவிட்டார்கள் என்று முறையிட்டுக் காவல் நிலையத்தில் புகாரும் கொடுத்தார். தேசிய ஊக்கமருந்துத் தடுப்பு ஸ்தாபனமான ‘நாடா’ அதை ஏற்று, ஆகஸ்டு 1 அன்று அவரை விடுவித்தது. உலக ஸ்தாபனத்தின் பெயர் ‘வாடா’. தமிழ்க் காதுக்கு வேடிக்கையாக ஒலிக்கும் இந்த ‘வாடா’தான் அவரைச் சர்வதேச விளையாட்டு நடுவர் மன்றத்துக்கு இழுத்தது. ரியோவிலேயே, ஆகஸ்டு 18 அன்று, விசாரணை நடந்தது. பானத்தில் தூவிய பொடியால் முதல் மாதிரியில் அவ்வளவு அளவு வந்திருக்க இயலாது, ஒன்றிரண்டு மாத்திரையை முழுதாக உட்கொண்டதற்கே அது பொருந்தும் என்று நிபுணர் சாட்சியம் கூறினார். சதிக்கு ஆதாரம் இல்லை என்று மன்றம் நான்காண்டுத் தடை விதித்தது. மறுநாள் கோதாவில் அவரை எதிர்கொள்ளக் காத்திருந்தவர், விதியின் விளையாட்டைப் பாருங்கள், அதே காட்ஜியேவ்!

நர்சிங் மருந்து உண்டாரா, ஊட்டப்பட்டாரா என்னும் கேள்விக்குள் நான் புகமாட்டேன். ஆனால் நம் தேசத்தில் சந்தேகம் எப்பொழுதும் பரிமாறிய கையைத்தான் முதலில் நாடும். அரசனின் உணவை நெருப்பிலும் பறவைகளுக்கும் இட்டுச் சோதிக்கச் சொன்ன அர்த்தசாஸ்திரத்தின் வழிவந்தவர்கள் அல்லவா நாம்? விளையாட்டுச் சட்டத்துக்கோ அந்தக் கை பொருட்டல்ல. உடம்பில் இருப்பதற்கு உடம்புக்குரியவரே பொறுப்பு, எப்படி வந்தது என்று நிரூபிப்பதும் அவர் பாடு. கொடுமையான விதிதான். எனினும், ‘யாரோ கலந்துவிட்டார்கள்’ என்ற ஒரு வாக்கியத்துக்கே விடுதலை என்றால், மறுநாள் முதல் அகப்படும் ஒவ்வொருவருக்கும் ஒரு துரியோதனன் கிடைத்துவிடுவான். ஆகவே நாடாவின் தீர்ப்பு இளகிய மனத்தின் தீர்ப்பு என்பதும், ரியோவின் தீர்ப்பே நியாயமானது என்பதும் என் அபிப்பிராயம்.

நம் மும்பையிலேயே மூன்றாண்டு கழித்து வேறொரு காட்சி. அறிமுக டெஸ்டிலேயே சதமடித்த பிருத்வி ஷா 2019 பிப்ரவரி 22 அன்று இந்தூரில் கொடுத்த மாதிரியில், மூச்சுக் குழாயை விரிக்கும் டெர்பூட்டலின் காணப்பட்டது. இருமலுக்காகக் கடையில் வாங்கிக் குடித்த மருந்து என்றார் அந்தப் பத்தொன்பது வயதுப் பிள்ளை. நம் வீட்டு அலமாரிகளிலும் இருக்கக்கூடிய சாதாரணச் சிரப்புகளில் உள்ள சரக்குத்தான் அது. கிரிக்கெட் வாரியம் அதை நம்பி எட்டு மாதத் தடையோடு நிறுத்திக்கொண்டது; அதையும் மார்ச் 16 முதலே கணக்கிட்டது. இடையில் அவர் ஐ.பி.எல். ஆடி முடித்திருந்தார் என்பதை நினைத்தால், தண்டனையின் ஒரு பகுதி காகிதத்தில் மட்டுமே கழிந்தது என்று சொல்ல வேண்டியிருக்கிறது. தங்கள் வீரர்களை நாடாவின் சோதனைக்கு உட்படுத்த நெடுங்காலம் மறுத்துவந்த அந்த வாரியம், ஷாவின் தண்டனை அறிவிப்பு வெளியான பத்தே நாளில், ஆகஸ்டு 9 அன்று, இணங்கியது.

நர்சிங் தடைக்காலம் முடிந்து 2020 டிசம்பரில் பெல்கிரேடில் மீண்டும் கோதாவில் இறங்கித் தோற்றார். 2024 ஏப்ரலில் வாரணாசியில் நடந்த தேர்தலில், இந்திய மல்யுத்த சம்மேளனத்தின் வீரர்கள் ஆணையத்துக்கு அவரே தலைவராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார்.